பேதி நின்னு வயிறு உப்பினா சும்மா இருக்காதீங்க: குழந்தைங்களுக்கு வர்ற டாக்ஸிக் மெகாகோலன் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஊர்ல இருக்கேன், வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரில வேலை. எங்க பொண்ணுக்கு 11 வயசுல பெருங்குடல் வீங்கி அவசரமா ஆபரேஷன் பண்ணி குடலையே எடுக்க வேண்டியதா போச்சு, இப்ப அவளுக்கு 14. அதுக்கப்புறம் குன்னூர், ஊட்டி, கூடலூர்ல இருந்தெல்லாம் யார் யாரோ நம்பர் வாங்கி போன் பண்ணி கேக்குறாங்க, பாதி பேர் அழுதுட்டே பேசுறாங்க. கேள்வி எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்லைங்க, மூணு வருஷமா டாக்டருங்க கிட்ட கேட்டு கேட்டு கத்துக்கிட்டது இது.

டாக்ஸிக் மெகாகோலன்னா என்னங்க?

பெருங்குடல்ல புண்ணு வர்ற ஒரு நோய் இருக்கு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு பேரு. பெரியவங்களுக்கு குடல்ல கொஞ்ச தூரம் மட்டும் வரலாம், குழந்தைங்களுக்கு வந்தா பெரும்பாலும் பெருங்குடல் முழுக்க வந்துடுது. சாதாரணமா அந்தப் புண்ணு உள்பக்கத் தோல்ல மட்டும்தான் இருக்கும். ரொம்ப முத்திப் போச்சுன்னா உள்ள இருக்கிற தசை வரைக்கும் எறங்கிடும், அப்ப தசை செத்த மாதிரி ஆயிடும், சுருங்கி விரிஞ்சு தள்ளுற வேலையே நின்னு போயிடும், உள்ள காத்து சேந்துட்டே போயி குடல் பலூன் மாதிரி ஊதிக்கும். சுவர் மெலிசாகி, குடல்குள்ள இருக்கிற கிருமியும் விஷமும் ரத்தத்துல கலக்க ஆரம்பிக்கும். குடல் பெருத்ததுக்கு மெகாகோலன், விஷம் ஏறுறதுக்கு டாக்ஸிக். ஓட்டை விழுந்துட்டா உயிருக்கே ஆபத்து.

ரொம்ப அபூர்வமா வர்றதுதான், பயந்துடாதீங்க. கொலைட்டிஸ் இருக்கிற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வர்றதே இல்ல. ஆனா வந்தா நாள் கணக்கு கெடையாது, மணி கணக்குதான், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

சாதா வயித்துப்போக்குக்கும் கொலைட்டிஸுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

கண்டதை சாப்பிட்டு வர்ற பேதி நாலஞ்சு நாள்ல, மிஞ்சிப்போனா ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிடும். ரெண்டு மூணு வாரம் ஆகியும் ரத்தமும் சளியுமா போகுது, ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு பாத்ரூம் ஓடுறாங்க, போயிட்டு வந்தும் இன்னும் வர்ற மாதிரியே இருக்குதுன்னு சொல்றாங்க, எடை கொறையுது, மூஞ்சி வெளுத்துப் போகுதுன்னா அது வேற. அப்ப குழந்தைங்க குடல் ஸ்பெஷலிஸ்ட் கிட்ட காட்டி கோலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட், பண்ணணுமான்னு கேளுங்க.

அமீபான்னு சொல்லி மருந்து குடுத்தாங்களே, அது தப்பா?

தப்புன்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன். நம்ம நாட்டுல அமீபா சீதபேதி நெஜமாவே இருக்கு, அதுவும் முத்தினா இதே மாதிரி குடலை வீங்க வைக்கும். அமீபா இருக்கிறது தெரியாம கொலைட்டிஸ்னு நெனச்சு எதிர்ப்பு சக்திய அமுக்குற ஸ்டீராய்டு மருந்து குடுத்துட்டா நிலைமை ரொம்ப மோசமாயிடும், அதனால டாக்டருங்க மோஷன் டெஸ்ட் எடுத்து கிருமி இல்லைன்னு உறுதி பண்ணிக்கறது நல்லதுதான். குடல் டிபியும் நம்ம பக்கம் யோசிக்க வேண்டியிருக்கு, அது இன்னொரு குடல் நோயான குரோன்ஸ் மாதிரியே தெரியும்.

எங்களுக்கு நடந்தது என்னன்னா, ஐப்பசில ரத்தம் போக ஆரம்பிச்சுது, பக்கத்து கிளினிக்குல டெஸ்ட் எதுவும் எடுக்காமயே அமீபா மருந்து ரெண்டு கோர்ஸ் குடுத்தாங்க, குடுக்கறப்ப நாலு நாள் நல்லா இருக்கும் திரும்ப ஆரம்பிக்கும், இப்படியே தை மாசம் வரைக்கும் ஓட்டிட்டோம். 31 கிலோ இருந்த புள்ள 26 கிலோ ஆயிட்டா. ஒரு கோர்ஸ்ல சரியாகலைன்னா அதே மருந்தை திரும்ப வாங்கிட்டு வராதீங்க, அடுத்த டெஸ்ட் என்னன்னு கேளுங்க, நான் கேக்கல.

உங்க பொண்ணுக்கு அது எப்படி வந்துச்சு?

தை மாசம் கோயம்புத்தூர்ல கோலோனோஸ்கோபி பண்ணி கொலைட்டிஸ்னு தெரிஞ்சுது, ஸ்டீராய்டும், குடல் புண்ண ஆத்துற மெசலமின் மாத்திரையும் ஆரம்பிச்சு நல்லாவே ஆயிட்டா, எடை கூட ஏறுச்சு. ஜூன்ல ஸ்கூல் தொறந்த நேரம், மழையும் குளிருமா இருக்கு, திரும்ப ஆரம்பிச்சுது. ஒரு நாளைக்கு பத்து பன்னண்டு தடவ, எல்லாம் ரத்தம். டாக்டருக்கு போன் பண்ணோம், கூட்டிட்டு வாங்கன்னாங்க, நாங்க சனிக்கிழமை லீவு போட்டு போலாம்னு இருந்துட்டோம். நடுவுல மெடிக்கல் ஷாப்ல போயி பேதி நிக்க மாத்திரை கேட்டேன், குடுத்தாங்க. நானேதான் கேட்டு வாங்கினேன், என் கையாலதான் குடுத்தேன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் மோஷன் போறது நின்னுடுச்சு. எங்களுக்கு சந்தோஷம்னா சந்தோஷம், மாமியார் ரசஞ்சோறு பெசஞ்சு ஊட்டினாங்க, ரெண்டு வாய் வாங்கிட்டு போதும்னு படுத்துட்டா. ராத்திரி ஒம்போது மணிக்கு போர்வைய இழுத்து விடலாம்னு வயித்துல கை பட்டுச்சு, வயிறு கெட்டியா தவில் மாதிரி இருந்துச்சு. ஒடம்பு கொதிக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கூப்பிட்டா "ம்ம்"ங்கிறா ஆனா பேச்சு தெளிவா இல்ல. காத்து பிரியுதா கண்ணுன்னு கேட்டேன், இல்லம்மான்னா.

பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்புல ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு போனோம். அங்க இருந்த டூட்டி டாக்டர் ரொம்ப சின்ன வயசு பையன், அவருக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம், வயித்துல ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டு "குடல் சத்தமே கேக்கல"ன்னு சொல்லி உடனே ஒரு எக்ஸ்ரே எடுத்து, டிரிப்ஸ் போட்டு, கீழ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு போன்ல சொல்லிட்டு 108ல ஏத்தி விட்டார். குஞ்சப்பனை கிட்ட ரோட்டுல யானை, பலாப்பழ சீசன்ல அங்க எப்பவும் நிக்கும், இருவது நிமிஷம் வண்டிய நிறுத்தி லைட்ட அணைச்சு உக்காந்திருந்தோம், அந்த இருவது நிமிஷம் நான் அவ வயித்து மேல கைய வெச்சுட்டே இருந்தேன். ரெண்டரை மணிக்கு கோயம்புத்தூர் போய் சேந்தோம்.

எந்த அறிகுறி பாத்தா உடனே கெளம்பணும்?

கொலைட்டிஸ் இருக்கிற குழந்தைக்கு ரத்தமா போயிட்டு இருந்த மோஷன் திடீர்னு கொறைஞ்சோ நின்னோ போயி, அதே நேரம் வயிறு உப்பிக்கிட்டு வருதுன்னா அது கொணமாகுறது இல்லைங்க. குடல் வேலைநிறுத்தம் பண்ணிடுச்சுன்னு அர்த்தம். நல்லாகுற குழந்தைக்கு மோஷன் கொறையுறப்ப வயிறு மெத்துனு இருக்கும், பசிக்கும், எந்திரிச்சு வெளையாடும். இதுல குழந்தை சுருண்டுடும். இத ஒண்ண மட்டும் யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லல.

கூடவே காய்ச்சல், நாடி ரொம்ப வேகமா அடிக்கிறது, வாந்தி, ஒண்ணுக்கு சரியா போகாதது, தூக்கக் கலக்கமா உளர்றது, இதுல எது இருந்தாலும் காத்திருக்காதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ஸ்டீராய்டு சாப்பிடுற குழந்தைக்கு வலியும் காய்ச்சலும் வெளிய தெரியாம அமுங்கி இருக்கும். எங்க பொண்ணு வயிறு அவ்வளவு உப்பி இருந்தும் "கொஞ்சம்தான் வலிக்குது"ன்னுதான் சொன்னா. வலி கம்மியா இருக்குன்னு நம்பிடாதீங்க.

பேதி நிக்குற மாத்திரை, வயித்துவலி மாத்திரை குடுக்கலாமா?

கொலைட்டிஸ் இருக்கிற குழந்தைக்கு டாக்டர கேக்காம குடுக்கவே கூடாது. லோபரமைடு மாதிரி பேதி மாத்திரை, வயித்து பிடிப்புக்கு குடுக்கிற டைசைக்ளோமின், கோடீன் கலந்த மருந்து, எல்லாமே குடல் அசைவ கொறைக்கும், ஏற்கனவே சோந்து போன குடலை இன்னும் படுக்க வெச்சிடும். புரூஃபென் மாதிரி வலி மாத்திரையும் புண்ண கெளப்பி விடலாம். பொட்டாசியம் கொறைஞ்சாலும் குடல் தசை வேலை செய்யாது, பேதியில அது நெறைய போகுது. குடல் இப்படி வீங்குறதுக்கு கிருமியும் ஒரு காரணமா இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் நெறைய சாப்பிட்ட பிறகு வர்ற க்ளாஸ்ட்ரிடியம்னு ஒரு கிருமி இருக்கு, அதை ஆஸ்பத்திரில கண்டிப்பா டெஸ்ட் பண்ணுவாங்க.

அந்த மாத்திரையாலதான் வந்துச்சான்னு நான் டாக்டர கேட்டேன். நோயே அவ்வளவு முத்தி இருந்துச்சு, மாத்திரை மட்டும் காரணம்னு சொல்ல முடியாதும்மா, ஆனா குடுத்திருக்கக் கூடாதுன்னார்.

ராத்திரி நேரம், மழை, பனி. விடிஞ்சதும் எறங்கினா போதாதா?

போதாது. எனக்கு தெரிஞ்சு எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், ஏன்னா நம்ம ஊர்ல ராத்திரி மலை எறங்குறதுன்னா சும்மா இல்ல. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோயம்புத்தூர் இன்னும் அதே அளவு இருக்கும். ஊட்டி குன்னூர்க்காரங்க பர்லியார் வழியா கல்லாறு கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி எறங்கணும். கூடலூர் பந்தலூர்க்காரங்க பாடு இன்னும் கஷ்டம். ஐப்பசி கார்த்திகைல மண்ணு சரிஞ்சா ரோடே இருக்காது.

அதனாலதான் நான் சொல்றது, மொதல்ல பக்கத்துல எது இருக்கோ அந்த ஆஸ்பத்திரிக்கு போங்க, டிரிப்ஸ் போடவும் ஒரு எக்ஸ்ரே எடுக்கவும் அங்க முடியும். அங்கிருந்தே கீழ போன் பண்ணி பெட் இருக்கா, குழந்தைங்க சர்ஜன் இருக்காரான்னு கேட்டுட்டு 108ல போங்க. சொந்த வண்டில தனியா எறங்காதீங்க, வழியில பிரஷர் எறங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. கொலைட்டிஸ் இருக்கிற குழந்தை வீட்டுல ஒரு ஃபைல் எப்பவும் ரெடியா இருக்கணும், கோலோனோஸ்கோபி ரிப்போர்ட், சாப்பிடுற மாத்திரை அளவோட, எடை, ரத்த குரூப், ஆதார், காப்பீட்டு கார்டு. மழை சீசன்ல நோய் கெளம்புச்சுன்னா வயிறு உப்புற வரைக்கும் மலை மேல இருக்காம ரத்தம் அதிகமா போறப்பவே எறங்கிடுங்க, நாங்க அந்த சனிக்கிழமைக்கு காத்திருக்காம போயிருக்கணும்.

ஆஸ்பத்திரில என்ன பண்ணுவாங்க?

மொதல்ல வயித்து எக்ஸ்ரே. அதுல பெருங்குடலோட அகலத்த அளப்பாங்க, வயித்துக்கு குறுக்க போற பகுதிலதான் காத்து அதிகமா தங்கும். பத்து வயசுக்கு மேல 56 மில்லிமீட்டர், சின்னப் புள்ளைங்களுக்கு 40 மில்லிமீட்டர், அதத் தாண்டி இருந்து கூடவே காய்ச்சல், நாடி வேகம், ரத்த வெள்ளை அணு ஏத்தம், ரத்த சோகை, பிரஷர் எறங்குறது மாதிரி விஷம் ஏறின அறிகுறியும் இருந்தா டாக்ஸிக் மெகாகோலன்னு முடிவு பண்ணுவாங்க. எங்க பொண்ணுக்கு 72 இருந்துச்சு.

வாய் வழியா எதுவும் கெடையாது, மூக்கு வழியா ஒரு டியூப் போட்டு காத்தும் தண்ணியும் வெளிய எடுப்பாங்க, டிரிப்ஸ், பொட்டாசியம், ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு ஊசி, தேவைப்பட்டா ரத்தம். அடிக்கடி எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டே இருப்பாங்க. இந்த நேரத்துல கோலோனோஸ்கோபி முழுசா பண்ண மாட்டாங்க, மெலிசான குடல்ல ஓட்டை விழுந்துடும். சர்ஜன் மொத நாள்லயே வந்து பாப்பார், அத பாத்து பயப்படாதீங்க, அவரு பாக்க வரலைன்னாதான் நீங்க கேக்கணும்.

மருந்துலயே சரியாகாதா? குழந்தை குடல எடுக்கத்தான் வேணுமா?

சில பேருக்கு மருந்துல அடங்கும். ஆபத்தான நிலை இல்லைன்னா 24ல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் கூடவே இருந்து பாப்பாங்க, மோசமாச்சுன்னா அது வரைக்கும்கூட காக்க மாட்டாங்க. வயிறு இந்த அளவு வீங்காம கொலைட்டிஸ் மட்டும் கடுமையா இருக்கிற குழந்தைங்கள்லயே மூணுல ஒருத்தருக்கு ஸ்டீராய்டு ஊசி கேக்கறதில்ல, அவங்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி அடுத்த கட்ட மருந்து இருக்கு, அதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு பாத்துடுவாங்க. ஆனா குடல் வீங்கி விஷம் ஏறின பிறகு அந்த மருந்து வேலை செய்யட்டும்னு நாள் கணக்குல காத்திருக்க நேரம் இல்ல.

எங்க வீட்டுல அன்னைக்கு பெரிய சண்டை. மாமனார் கையெழுத்து போடாதேன்னார், பொம்பளப் புள்ள வயித்த கிழிக்கிறதான்னு. மறுநாள் சாயங்கால எக்ஸ்ரேல 84 ஆயிடுச்சு, நாடி 150 போகுது. சர்ஜன் அம்மா எங்களை உக்கார வெச்சு, "ஓட்டை விழுறதுக்கு முன்னாடி பண்ணா நல்லபடியா வருவா, விழுந்த பிறகு பண்ணா நான் வாக்கு குடுக்க முடியாது"ன்னு சொன்னாங்க. நான் கையெழுத்து போட்டேன். எடுத்த குடல் தொட்டா கிழியுற மாதிரி நனைஞ்ச தாளா இருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. அந்த குடல காப்பாத்தணும்னு இன்னும் ஒரு ராத்திரி ஓட்டியிருந்தா புள்ளய எழந்திருப்போம்.

என்ன ஆபரேஷன்? பெருங்குடல் இல்லாம இருக்க முடியுமா?

முடியும்ங்க. சாப்பாட்டு சத்த இழுக்கிறது சிறுகுடல், பெருங்குடல் முக்கியமா தண்ணியையும் உப்பையும் இழுக்குது. அவசர ஆபரேஷன்ல பெருங்குடல எடுத்துட்டு மலக்குடல மட்டும் விட்டு வெப்பாங்க, சிறுகுடல் நுனிய வயித்துல வலது பக்கம் வெளிய கொண்டு வந்து பை மாட்டுவாங்க, அதுக்கு இலியாஸ்டமின்னு பேரு. ஒடம்பு தேறி, ஸ்டீராய்டு நிறுத்தி, சில மாசம் கழிச்சு அடுத்த ஆபரேஷன், மலக்குடலையும் எடுத்துட்டு சிறுகுடல் நுனியவே மடிச்சு தைச்சு ஒரு பை மாதிரி பண்ணி ஆசனவாயோட சேத்துடுவாங்க. மூணாவதா வயித்துல வெளிய கொண்டு வந்து வெச்ச குடல் வாய மூடுறது. இது புதுசா பரிசோதனை பண்றது இல்ல, 1978ல லண்டன்ல பார்க்ஸும் நிக்கல்ஸும் பண்ணது, 1980ல ஜப்பான்ல உத்சுனோமியா அத ஜே வடிவத்துல சுலபமாக்கினார், இப்பவும் அந்த ஜே பௌச்தான்.

எல்லாம் முடிஞ்ச பிறகும் மோஷன் மத்தவங்க மாதிரி ஒரு தடவ ரெண்டு தடவ இருக்காது, நாலுல இருந்து எட்டு தடவ போகும், கெட்டியா இருக்காது. சில பேருக்கு அந்த பௌச்லயே புண்ணு வரும், ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க. இதையும் முன்னாடியே தெரிஞ்சுக்கங்க.

பையோட மலை மேல எப்படி சமாளிச்சீங்க?

மொத ரெண்டு வாரம் நான் பாத்ரூம்ல போயி அழுதேன், அவ அழல. மூணாவது வாரம் அவளே மாத்த கத்துக்கிட்டா. பை மூணுல ஒரு பங்கு நெறைஞ்சதும் காலி பண்ணிடணும், முழுசா நெறைய விட்டா கனம் தாங்காம பிச்சுக்கும். நம்ம குளிர்ல பைய தோல்ல ஒட்ட வெக்கிற தட்டு வெறச்சுப் போயி சரியா ஒட்டாது, அதனால மாத்துறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி அக்குள்ல வெச்சு சூடு பண்ணிட்டு, ஒட்டின பிறகும் ரெண்டு மூணு நிமிஷம் உள்ளங்கைய மேல அழுத்தி வெச்சுக்குவா, அடுப்புல ஹீட்டர்ல காட்டிடாதீங்க. மலை மேல மெடிக்கல்ல எல்லா சைஸும் கெடைக்காது, நாங்க கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு மாசத்துக்கு சேத்து வாங்கிட்டு வருவோம், மழைக்கு முன்னாடி இன்னும் ஒரு பெட்டி சேத்து.

வெளிய தெரியுற குடல் ஈரமா செவப்பா இருக்கணும், தொட்டா வலிக்காது. கருப்பாவோ ஊதாவாவோ மாறினா, இல்ல பைக்குள்ள எதுவுமே வராம வயிறு வலிச்சு வாந்தி எடுத்தா உடனே ஆஸ்பத்திரி. தண்ணியும் உப்பும் நெறைய வெளிய போயிடும், குளிர்ல தாகமே எடுக்காது அதனால தெரியாது, நான் உப்பு போட்ட கஞ்சியும் ஓஆர்எஸும் மாத்தி மாத்தி குடுத்துட்டே இருந்தேன், வெறும் தண்ணிய மட்டும் குடிக்க விட்டா உப்பு இன்னும் கொறையும். சாப்பாட்டுல காளான், மக்காச்சோளம், மொச்சைத் தோல், பிளம்ஸ் பேரிக்காய் தோலு எல்லாம் அடைச்சுக்கும், மொத கொஞ்ச மாசம் வேண்டாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நல்லா மென்னு சாப்பிடலாம். கேரட் பீட்ரூட்ட குழைய வேக வெச்சு குடுங்க. பீட்ரூட் சாப்பிட்டா பைல செவப்பா வரும், ரத்தம்னு நெனச்சு நான் ஒரு நாள் சர்ஜனுக்கே போன் பண்ணிட்டேன்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். கார்டு இல்லைன்னா இன்னைக்கே போட்டு வைங்க, அவசரத்துல வருமானச் சான்றிதழுக்கு ஓடிட்டு இருக்க முடியாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிலயும் இருக்கு. எங்களுக்கு திட்டத்துல போக கையில இருந்து ஆனது வயித்துல மாட்டுற பைகளுக்கும், வண்டிக்கும், கீழ தங்குறதுக்கும்தான், அதுக்கு ஃபேக்டரில முன்பணம் வாங்கினோம்.

இது தொத்துமா? காரம் சாப்பிட்டதாலயா? யாராவது கண்ணு வெச்சாங்களா?

தொத்தாது. காரத்தால வரல. கண்ணு வெச்சதாலயும் வரல. ஒடம்போட எதிர்ப்பு சக்தி தன்னோட குடலையே தாக்குற நோய் இது, குழந்தையும் காரணம் இல்ல பெத்தவளும் காரணம் இல்ல. சுத்திப் போடுறதுன்னா போட்டுக்கங்க, ஆனா ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்து போடுங்க.

பொம்பளப் புள்ளையாச்சே, நாளைக்கு கல்யாணம், குழந்தை?

சொந்தக்காரங்க நேர்ல கேக்க மாட்டாங்க, என் நாத்தனார் மட்டும் கேட்டுச்சு, நல்ல மனசோடதான் கேட்டுச்சு. நானும் டாக்டர கேட்டேன். மொத ஆபரேஷன்ல, அதாவது பெருங்குடல எடுத்து பை வெக்கிறதுல, அடிவயித்துக்குள்ள ஆழமா போறதில்ல. பௌச் வெக்கிற ஆபரேஷன்ல கருக்குழாய் பக்கம் ஒட்டிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு, அதனால சில பெண்களுக்கு கரு தங்குறது லேட்டாகலாம், சின்ன ஓட்டை போட்டு கேமரா வெச்சு பண்ற லேப்ராஸ்கோப்புல பண்ணா அது கம்மி. நெறைய பெண்கள் அதுக்கு அப்புறமும் குழந்தை பெத்திருக்காங்க. அதனால பௌச் எப்ப வெக்கிறதுன்னு அவசரப்படாம பேசி முடிவு பண்ணலாம், பையோடயே பல வருஷம் இருக்கிறவங்களும் இருக்காங்க. நோய் இருந்தப்ப அவ வளத்தியும் நின்னு போயிருந்துச்சு, வயசுக்கு வர்றதும் தள்ளிப் போச்சு, குடல எடுத்து ஸ்டீராய்டு நிறுத்தின ஒரு வருஷத்துல ரெண்டும் தானா வந்துடுச்சு.

ஸ்கூலுக்கு போறாளா?

ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது மாசம் போயிட்டா. கிளாஸ் டீச்சர் கிட்ட மட்டும் சொல்லி, கேக்காம பாத்ரூம் போக அனுமதி வாங்கினோம், டீச்சர் ரூம்ல ஒரு செட் பையும் மாத்து துணியும் வெச்சிருக்கோம். வயித்துல பந்து படுற மாதிரி வெளையாட்டு மட்டும் வேணாம்னாங்க. பௌச் போன வருஷம் வெச்சாச்சு, வாய மூடுற கடைசி ஆபரேஷன் வர்ற முழுப் பரீட்சை லீவுல. இப்ப 38 கிலோ இருக்கா.